இருவரும் சேர்ந்து போகும் முதல் நாள்

கல்யாணமாகி ஆறு மாதம் ஆவதற்குள் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் கணவனும் மனைவியும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டதா? நான்கே மாதத்தில் பதறி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு வருடம் விரதம், நாட்டு மருந்து, ஜாதகப் பரிகாரம் என்று கழித்துவிட்டு, பெண்ணுக்கு 38 வயதான பிறகு வருகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினர் இழப்பது கொஞ்சம் பணம். இரண்டாம் வகையினர் இழப்பது திரும்பி வராத காலம்.

கருத்தடை ஏதும் இல்லாமல் ஓராண்டு ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் அதைக் குழந்தையின்மை என்று மருத்துவம் கொள்கிறது. நலமாக உள்ள இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். ஓராண்டில் நூற்றுக்கு எண்பது முதல் எண்பத்தைந்து தம்பதிகளுக்குக் கரு தங்கிவிடும். மீதியிருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரண்டாம் ஆண்டில் தானாகவே தங்கும். அதனால் 26 வயதுப் பெண் ஏழாவது மாதத்தில் அழ வேண்டியதில்லை. பெண்ணுக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு மாதம் மட்டும் பாருங்கள். 40-ஐத் தொட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர்கள், விலக்கு நாட்களில் எழுந்து நிற்க முடியாத வலி உள்ளவர்கள், காசநோய் வந்து குணமானவர்கள், குடல்வால் வெடித்து அறுவை செய்துகொண்டவர்கள் எந்த வயதானாலும் உடனே போகலாம். கணவருக்குச் சிறுவயதில் விரை இறங்காமல் அறுவை நடந்திருந்தாலும், பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியிருந்தாலும், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்திருந்தாலும் அதே பேச்சுதான்.

கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகளுக்கு இந்த ஓராண்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது. ‘கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆச்சு, இன்னும் இல்லை’ என்று ஊரே பேசும். ஆனால் வருடத்துக்கு ஒரு மாத விடுமுறை என்றால் அந்த ஐந்து வருடம் வெறும் ஐந்து மாத முயற்சிதான். அந்தப் பெண்ணிடம் குறை இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது. வெளிவந்த கருமுட்டை ஒரு நாளைத் தாண்டி உயிரோடு இருக்காது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு தங்கக்கூடியவை. முட்டை எல்லோருக்கும் பதினான்காம் நாள் வெளிவருவதில்லை. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்பு வெளிவரும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு 14-ஆம் நாள், 35 நாள் சுற்று உள்ளவருக்கு 21-ஆம் நாள்.

எனவே விமான டிக்கெட் போடுவதற்கு முன் மனைவியின் தேதியைக் கேளுங்கள். விடுமுறையின் முதல் வாரத்திலேயே அந்த நாட்கள் வரும்படி அமைந்தால், 28 நாள் சுற்று உள்ளவருக்குக் கடைசி வாரத்தில் இன்னொரு முறையும் வரும். ஒரே விடுமுறையில் இரண்டு வாய்ப்பு. மனைவிக்கான பரிசோதனைகளைக் கணவர் வருவதற்கு முன்பே முடித்துவைக்கலாம். கணவரின் விந்துப் பரிசோதனையை அவர் இருக்கும் ஊரிலேயே செய்துகொண்டு அறிக்கையோடு வரலாம். சிகிச்சை தொடர வேண்டியிருந்தால், கிளம்பும் முன் விந்தை உறையவைத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது. இருவரும் எழுத்தில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதையும் விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள்.

கணவருக்கு ஒரு பரிசோதனை

இந்த நூலில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பக்கத்தைப் படியுங்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, அது மட்டுமே காரணமாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. இது தெரிந்தும் நம் வீடுகளில் முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது பெண்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் படம், சில வேளை வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோபி வரை அவள் போய்வந்த பிறகும் கணவர் ஒரு டப்பாவில் விந்து கொடுக்கச் சம்மதிக்காமல் இருக்கிறார். சில நூறு ரூபாயில், வலியில்லாமல், அரை நாளில் முடிகிற பரிசோதனை அது. அதைச் செய்யாமல் மனைவியின் உடலில் கத்தி வைக்கச் சம்மதிப்பது அநியாயம். ‘கணவரின் ரிப்போர்ட் எங்கே?’ என்று கேட்காமல் பெண்ணுக்கு மாதக்கணக்கில் மாத்திரை எழுதும் மருத்துவரிடமும் நீங்கள் இருக்க வேண்டாம்.

விந்து கொடுக்கும் முறை முக்கியம். கடைசியாக விந்து வெளியேறி இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பத்து பதினைந்து நாள் சேர்த்துவைத்தால் எண்ணிக்கை கூடுவதுபோல் தெரியும், அசைவு குறையும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது. சாதாரண ஆணுறையில் பிடிக்கக்கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது தவறிவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்லுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். வழியில் குளிரவிடாமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையைப் பார்த்ததும் பலர் இடிந்துபோவது ஒரு எண்ணைக் கண்டுதான்: ‘சரியான வடிவமுள்ள அணுக்கள் 4 சதவீதம்’. அது தோல்வி மதிப்பெண் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி 4 சதவீதம் இருந்தாலே இயல்பு. ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி அணுக்கள், அவற்றில் 42 சதவீதத்துக்கு அசைவு என்பவை அதே கையேட்டின் கீழ் எல்லைகள். ஓராண்டுக்குள் தந்தையான ஆண்களிடம் எடுத்த அளவுகளில் மிகக் கீழே இருந்த ஐந்து சதவீதத்தினரை வைத்துப் போட்ட கோடு அது. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களுக்கும் இயற்கையாகக் குழந்தை பிறப்பதுண்டு.

ஒரு அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது. சென்ற மாதம் டெங்குவில் படுத்திருந்தால் அது இந்த மாத அறிக்கையில் தெரியும். குறை இருந்தால் மூன்று மாத இடைவெளியில் மறுபடி பாருங்கள். அதற்குள் சிகரெட்டையும் வாயில் அடக்கும் புகையிலையையும் விட்டுவிட வேண்டும். குடியையும் குறையுங்கள், விட முடிந்தால் இன்னும் நல்லது. உலை, கொதிகலன், பேக்கரி அடுப்பு என்று சூட்டருகே வேலை செய்கிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஜிம்மில் உடம்பு ஏறப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்மைக்கு நல்லது என்று நினைத்துப் போடுகிறார்கள், ஆனால் வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் விரை விந்தணு உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். எண்ணிக்கை சுழியத்துக்கே போய்விடலாம். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குத் திரும்புகிறது, மாதங்கள் ஆகும்.

‘கவுண்ட் ஜீரோ’ என்று வந்தாலும் கதை முடியவில்லை. அணு உற்பத்தியாகியும் வழி அடைபட்டிருக்கலாம், அல்லது உற்பத்தியே குறைந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஹார்மோன் பரிசோதனையும் யூராலஜி மருத்துவர் ஒருவரின் நேரடிச் சோதனையும் வேண்டும். அடைப்பு என்றால் விரையிலிருந்தே ஊசியால் அணுவை எடுத்து மனைவியின் முட்டைக்குள் செலுத்த முடிகிறது. உற்பத்திக் குறைவிலும் சிலருக்கு நுண்ணோக்கி அறுவையில் அணு கிடைக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் நேரே ‘வேறொருவர் விந்து’ என்று பேச்செடுத்தால் எழுந்துவந்து இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

மனைவிக்கு என்ன பார்ப்பார்கள்

முட்டை வருகிறதா, குழாய் திறந்திருக்கிறதா, கர்ப்பப்பை இடம் கொடுக்குமா என்ற மூன்றைத்தான். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ரத்தமும் ஸ்கேனும் எடுப்பார்கள். தைராய்டும் புரோலாக்டினும் அதில் சேரும். முட்டை வெடித்ததா என்று பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்டடி ஸ்கேனைச் சில மாதம் பார்ப்பதுண்டு. மாதாமாதம் தவறாமல் விலக்கு வருகிறவருக்கு அதையே ஆண்டுக்கணக்கில் எடுப்பதில் பயனில்லை.

ஏ.எம்.எச். என்ற பரிசோதனையைப் பார்த்துப் பல பெண்கள் தூக்கத்தை இழந்திருக்கிறார்கள். சினைப்பையில் மீதியுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றி அது ஒரு மதிப்பீடு தரும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. 29 வயதில் ஏ.எம்.எச். குறைவாக இருப்பவர் தாமதிக்கக்கூடாது, ஆனால் ‘இனி உனக்கு வாய்ப்பில்லை’ என்று அவரிடம் யாரும் சொல்லக்கூடாது.

கருக்குழாய்ப் படத்தை விலக்கு நின்ற சில நாட்களில், முட்டை வெளிவரும் முன்பு எடுப்பார்கள். சிலருக்கு நல்ல வலி இருக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று காசநோய். அது நுரையீரலில் மட்டும் வருவதில்லை, சத்தமில்லாமல் கருக்குழாயையும் கர்ப்பப்பையின் உள்தோலையும் கெடுக்கும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். குழாயில் நீர் கோத்திருந்தால் டெஸ்ட் டியூப் முறைக்குப் போகும் முன் அந்தக் குழாயை நீக்கவோ அடைக்கவோ சொல்வார்கள். அந்த நீர் கருவுக்குக் கேடு என்பதால்தான்.

‘நீர்க்கட்டி’ என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். உண்மையில் அறுத்தெடுக்க வேண்டிய கட்டி அல்ல. வளராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகள் அவை. உடல் எடை கூடுதலாக இருப்பவர் அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வரத் தொடங்கும். அதன் பிறகும் வராவிட்டால் லெட்ரோசோல் மாத்திரைதான் முதல் மருந்து. ‘சாக்லேட் கட்டி’ வேறு, அது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் அடையாளம். கொல்லும் விலக்கு வலியை ‘பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று அம்மாக்கள் தள்ளிவிடுவதால் அது பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

குழந்தைக்கு முயலும் மாதங்களில், கோயில் விசேஷத்துக்காக விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். கரு தங்கியிருப்பது தெரியாமலே போட்டுவிடக்கூடும், சுற்றின் கணக்கும் குழம்பும். அந்த மாதங்களில் போட வேண்டிய மாத்திரை வேறு: தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுங்கள். குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க அது கரு தங்கும் முன்பே உடலில் இருக்க வேண்டும். அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் மணந்தவர்களுக்கு உறவு மட்டும் காரணமாகக் குழந்தையின்மை வந்துவிடாது. மரபு நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பதால் ஒரு மரபியல் ஆலோசனை நல்லது.

அறைக்குள் பேச வேண்டியவை

பழைய ஸ்கேன், ரத்த அறிக்கை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள், லேகியப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைசி ஆறு விலக்குகளின் முதல் நாள் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வந்திருந்தால் அதையும் உண்ணுங்கள், யாரும் தடுக்கவில்லை. சிகிச்சைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

மாமியாரும் அம்மாவும் உடன் வந்தால் வெளியே உட்காரட்டும். உள்ளே போவது இருவர் மட்டும். அதிலும் சில நிமிடம் மருத்துவரிடம் தனித்தனியாகப் பேசக் கேளுங்கள். முன்பு கருக்கலைப்பு நடந்திருந்தால், பால்வினை நோய் வந்திருந்தால், அது மருத்துவருக்குத் தெரிய வேண்டும், வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. கல்யாணமாகி இரண்டு மூன்று வருடமாகியும் உடலுறவு முழுமையாக நடக்காத தம்பதிகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெண்ணுக்குத் தசை இறுகிப் பயத்தில் மூடிக்கொள்வது, ஆணுக்கு விறைப்பு நிற்காதது இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. அதைச் சொல்லாமல் மறைத்து, ஊசியும் ஸ்கேனுமாக லட்சங்கள் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். ‘டாக்டர், எங்களுக்குள்ள இன்னும் சரியாச் சேரவே முடியலை’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மிச்சத்தை அவர் கேட்டுக்கொள்வார்.

எங்கே போவது, என்ன கேட்பது

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் பிறந்தது. இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் கருத்தரிப்பு மையப் பலகைகள் தொங்குகின்றன. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே ஒரு கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே தனித் துறை உண்டு. தனியார் மையத்துக்குப் போவதானால் 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு முறைப்படுத்தும் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சட்டப்படி பெண்ணுக்கு 50 வயதையும் ஆணுக்கு 55 வயதையும் தாண்டினால் சிகிச்சை தர முடியாது. இருவரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. ‘ஆண் குழந்தையாகவே தருகிறோம்’ என்று யாராவது குறிப்புக் காட்டினால் அது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள்.

‘80 சதவீத வெற்றி’ என்ற விளம்பரத்தை நம்பி யாரும் நகையை அடகு வைக்க வேண்டாம். எதை வெற்றி என்கிறார்கள், யாரை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்ததா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா, குழந்தை பிறந்ததா? கரு வைக்கப்பட்டவர்களில் இத்தனை பேரா, ஊசி போடத் தொடங்கியவர்களில் இத்தனை பேரா? நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ‘என் மனைவியின் வயதில் இங்கே சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?’ பொதுவாக 35 வயதுக்குள் சொந்த முட்டையில் ஒரு சுற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 40-ஐத் தாண்டினால் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

எல்லோருக்கும் டெஸ்ட் டியூப் தேவைப்படுவதில்லை. ஒரு குழாயாவது திறந்திருந்து, கணவரின் எண்ணிக்கையும் ஓரளவு இருந்தால், விந்தைச் சுத்தம் செய்து கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. செய்து பார்க்கலாம். ஒருமுறைக்குப் பத்து, பதினைந்து சதவீதம் பலன். மூன்று நான்கு முறையில் ஆகாவிட்டால் அதையே எட்டு, பத்து முறை செய்துகொண்டிருக்காதீர்கள். இரு குழாயும் அடைபட்டிருந்தால் அதைத் தொடங்கவே கூடாது.

டெஸ்ட் டியூப் முறையான ஐ.வி.எஃப். என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, இடையிடையே ஸ்கேன், முட்டை முதிர ஒரு ஊசி, அதிலிருந்து ஒன்றரை நாளில் மயக்கம் கொடுத்து முட்டையை எடுப்பது, மூன்று அல்லது ஐந்து நாள் லேபில் வளர்ந்த கருவை உள்ளே வைப்பது. தனியார் மையங்களில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம், சில இடங்களில் அதற்கும் மேல். ‘பேக்கேஜ்’ என்று சொன்னால் ஊசி மருந்தும், உறையவைக்கும் செலவும், உறைந்த கருவைப் பின்னால் வைக்கும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான காப்பீடுகள் இதற்குப் பணம் தருவதில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு பணம் என்ற எல்லையை முதல் ஊசிக்கு முன்பே இருவரும் பேசி வையுங்கள். தோல்வியின் துக்கத்தில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு கடனில் கொண்டுபோய் விடும்.

முட்டை எடுத்த நாட்களில் வயிறு வேகமாக வீங்கினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், வாந்தி நிற்காவிட்டால் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது, உயிருக்கே ஆபத்தாகலாம். கரு வைத்த பிறகு பதினைந்து நாள் கட்டிலோடு படுத்திருக்க வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நடந்தாலோ ஆட்டோவில் போனாலோ கரு விழுந்துவிடாது. வேலைக்குப் போகும் பெண் போகலாம். படுக்கவைத்துவிட்டு ‘அசைஞ்சதால்தான் போச்சு’ என்று பிறகு அவள்மேல் பழிபோட யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஒரு சுற்று பலிக்காவிட்டால் அடுத்த தேதியைக் குறிக்கும் முன் மருத்துவரோடு உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கருவுற்றன, எத்தனை ஐந்தாம் நாள் வரை வளர்ந்தன, எந்தத் தரத்தில் எத்தனை வைத்தார்கள், அடுத்த முறை எதை மாற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள். ‘ஒண்ணும் மாத்த வேண்டாம், மறுபடி செய்வோம்’ என்பதும் சில நேரம் சரியான பதில்தான், ஆனால் ஏன் என்று விளக்க வேண்டும். கூடுதல் கட்டணத்தில் புதுப்புது ஊசிகளைச் சேர்க்கச் சொன்னால் அவற்றால் குழந்தை பிறப்பு கூடியதற்கு ஆதாரம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். லேபின் கரு அறிக்கையையும், போட்ட மருந்துகளின் அளவுச் சீட்டையும் நகலெடுத்து ஃபைலில் வையுங்கள். வேறொரு மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது இந்த இரண்டு தாளையும்தான்.